கிளைத் தேர்தலில் எதிர்த்து மனு போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கோரையாறு எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமம். 22 வருஷமாக ஒரு கட்சியில் இருக்கிறேன். எந்தக் கட்சி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அடுத்த பதிவிலிருந்து பேச்சு அந்தக் கட்சியைப் பற்றி ஆகிவிடும்.

எங்களுக்கு உட்கட்சித் தேர்தல் அறிவித்தார்கள். கிளைச் செயலாளருக்கு நிற்கலாம் என்று ஆசைப்பட்டேன். இப்போது இருப்பவர் மூன்று முறை இருந்தவர். கெட்டவர் இல்லை. ஆனால் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தேங்கினாலும் சரி, வாய்க்காலில் தண்ணீர் ஏறாவிட்டாலும் சரி, "மேல சொல்லியிருக்கேன்" என்பதைத் தவிர வேறு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

ஒன்றியத் தலைமை ஊரில் கல்யாண மண்டபத்தில் மனு வாங்குகிறார்கள், மதியம் 2 முதல் 4 வரை என்றார்கள். இரண்டரைக்குப் போனேன். வெளிமாவட்டத்திலிருந்து வந்த தேர்தல் பொறுப்பாளர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். படிவம் கேட்டேன். "தீர்ந்துபோச்சே" என்றார் பக்கத்தில் இருந்தவர். எத்தனை கிளைக்கு எத்தனை படிவம் வந்தது என்று கேட்டேன். பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒன்றியத்து ஆள் ஒருவர் தோளில் கை போட்டு வெளியே கூட்டிக்கொண்டு போய், "ராத்திரியே ரைஸ்மில்லுல உக்காந்து பேசி முடிச்சாச்சு தம்பி. உங்களுக்கு ஒன்றியப் பிரதிநிதி போட்டிருக்கு, சந்தோஷமா வாங்க" என்றார்.

அதோடு விட்டிருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். வாங்கிப் பார்த்தால் வாபஸ் படிவம். மனுவே கொடுக்காதவனிடம் வாபஸ்! மனுப் படிவம் தீர்ந்துவிட்டதாம், வாபஸ் படிவம் மட்டும் கட்டாக இருந்தது.

கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் எல்லாக் கிளையிலும் "போட்டியின்றி ஏகமனதாக" என்று வாட்ஸ்அப்பில் வந்தது.

கேள்வி இதுதான்: டெல்டாவில் எந்தக் கட்சியிலாவது, எந்த மட்டத்திலாவது, உட்கட்சித் தேர்தலில் பெட்டி வைத்து ஓட்டு எண்ணி நீங்கள் கண்ணால் பார்த்ததுண்டா?

ஓடம்போக்கி:

கரை என்ன நிறம்னு மட்டும் சொல்லுங்க.

கோரையாறு:

வெள்ளை வேட்டிதான் கட்டுறேன்.

பென்ஷன் வாத்தியார்:

தம்பி, கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அப்படி நடந்த காலம் ஒன்று உண்டு. 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பதவிக்குக் காமராஜரும் சி.பி. சுப்பையாவும் மோதினார்கள். சத்தியமூர்த்தி காமராஜர் பக்கம், ராஜாஜி சுப்பையா பக்கம். காமராஜர் மூன்றே ஓட்டில் ஜெயித்தார். மூன்று பேர் பஸ்ஸைத் தவறவிட்டிருந்தால் தமிழ்நாட்டின் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

அடுத்தது 1954. ராஜாஜி விலகியதும் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தல். காமராஜருக்கு 93, சி. சுப்பிரமணியத்துக்கு 41. ஜெயித்தவர் தோற்றவரை என்ன செய்தார்? மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார். சுப்பிரமணியத்தின் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் சேர்த்துக்கொண்டார். இன்றைக்கு ஒன்றியச் செயலாளரை எதிர்த்து மனு வாங்கப் போனவனுக்கு அடுத்த கூட்டத்தில் நாற்காலி கூடக் கிடைப்பதில்லை.

தி.மு.க.வுக்கும் சொல்கிறேன். தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்பதையே 1956 திருச்சி மாநாட்டில் பெட்டி வைத்துத் தொண்டர்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்தார்கள். கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் நடந்த விஷயம், ஏதோ சீமையில் நடந்ததில்லை.

மாவட்டப் பிரதிநிதி:

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். 1954-ஐச் சொல்லிவிட்டு இன்றைய காலத்துக்குத் தாவுவது சுலபம். நான் 30 வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், என் பக்கத்தையும் கேளுங்கள்.

கோரையாறு தம்பிக்கு நடந்தது தப்பு. படிவம் கொடுத்திருக்கணும். ஆனால் "பேசி முடிப்பது" என்றாலே மோசடி என்பதுபோல் எழுதுவதை ஏற்க மாட்டேன். எங்கள் ஒன்றியத்தில் ஒரு முறை நிஜமாகவே ஓட்டுப் போட்டோம். பெட்டி, சீட்டு, ஏஜென்ட் எல்லாம் வைத்து. 11 ஓட்டு வித்தியாசம். அப்புறம் என்ன ஆச்சு? தோற்றவர் ஆட்கள் அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்றார்கள், இரண்டு பேரும் தோற்றோம், எதிர்க்கட்சி உள்ளே வந்தது. அதோடும் முடியவில்லை. மாரியம்மன் கோயில் திருவிழாவில் மண்டகப்படி இரண்டானது. சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த இரண்டு குடும்பம் பேச்சை நிறுத்தின. கிராமம் என்பது ஆளுக்கொரு மூலையில் வாழும் இடமில்லை. நாளைக்குக் காலையில் ஒரே மடையில் தண்ணீர் திருப்பணும்.

ஏகமனது என்றால் எல்லாருக்கும் ஒரே மனது என்று அர்த்தமில்லை. எல்லாரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள் என்று அர்த்தம்.

மைப்பேனா:

யாரு விட்டுக்கொடுத்தா, யாரு வாங்கிக்கிட்டானு ரைஸ்மில்லுல உக்காந்தவங்களுக்குத்தான் தெரியும்.

குடந்தை வக்கீல்:

சட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பலர் தேர்தல் ஆணையத்துக்கு எழுதுங்கள் என்று ஆரம்பிப்பதற்கு முன்னால்.

கட்சிப் பதிவு என்பதே 1989-ல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 29ஏ பிரிவு சேர்ந்த பிறகு வந்தது. கட்சி தன் விதிகளில் குறித்த காலத்துக்கு ஒருமுறை நிர்வாகிகள் தேர்தல் உண்டு என்று எழுதியிருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் வழிகாட்டுதல். நடத்தினோம் என்று பட்டியல் அனுப்பினால் ஆணையம் கோப்பில் வைத்துக்கொள்ளும். ரைஸ்மில்லில் என்ன நடந்தது என்று விசாரிக்க ஆள் அனுப்பாது. விதியை மீறினார்கள் என்பதற்காகப் பதிவை ரத்து செய்யும் அதிகாரமும் அதற்குக் கிடையாது. மோசடியாகப் பதிவு வாங்கியது போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே முடியும் என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆந்திராவில் ஒரு கட்சி தன் தலைவரை "நிரந்தரத் தலைவர்" ஆக்கியதாகச் செய்தி வந்தபோது, 2022-ல் ஆணையம் அதை ஜனநாயக விரோதம் என்று கண்டித்தது. கண்டித்ததோடு சரி.

அப்படியானால் இந்தக் காகிதமெல்லாம் எதற்கு? கட்சி உடையும்போது தெரியும். சின்னம் யாருக்கு என்று 1968 சின்னங்கள் ஆணையின் 15-வது பத்தியில் கேள்வி வரும்போது எம்.எல்.ஏ., எம்.பி. தலையை மட்டும் எண்ணுவதில்லை, பொதுக்குழு உறுப்பினர்களின் பிரமாணப் பத்திரங்களையும் எண்ணுவார்கள். 2017-ல் இரட்டை இலை மார்ச்சில் முடங்கி நவம்பரில் திரும்பியதை எல்லாரும் பார்த்தோம். பொதுக்குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது கிளையில், ஒன்றியத்தில், மாவட்டத்தில் யார் யாரைப் போட்டார்கள் என்பதிலிருந்து வருவது. உங்கள் கிராமத்துக் கிளைச் செயலாளர் பதவிக்கு ரைஸ்மில்லில் ராத்திரி கூடுகிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

ஓடம்போக்கி:

வக்கீல் சார், அ.தி.மு.க.வில பொதுச் செயலாளரைத் தொண்டனே நேரா தேர்ந்தெடுக்கணும்னு எம்.ஜி.ஆர். விதி வச்சிருந்தாரே, அது என்ன ஆச்சு?

குடந்தை வக்கீல்:

விதி இருக்கிறது. அடிப்படை உறுப்பினர்தான் வாக்காளர். 2021 டிசம்பரில் ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் இருவருக்கும் சேர்த்து ஒரே ஓட்டு என்று திருத்தினார்கள், போட்டியின்றித் தேர்வானார்கள். 2022 ஜூலை 11 வானகரம் பொதுக்குழுவில் அதை மாற்றிப் பொதுச் செயலாளர் பதவியைத் திரும்பக் கொண்டுவந்தபோது வேட்பாளருக்கு 10 மாவட்டச் செயலாளர் முன்மொழியணும், 10 பேர் வழிமொழியணும் என்று சேர்த்தார்கள். 2023 மார்ச்சில் ஒரே ஒரு ஆள்தான் மனு. 28-ம் தேதி அறிவித்தார்கள். வாக்காளர் யார் என்பதில் விதி தாராளமாக இருக்கிறது. வேட்பாளர் யார் என்ற இடத்தில்தான் கதவு. தி.மு.க.விலும் 2018, 2022 இரண்டு முறையும் தலைவர் போட்டியின்றித்தான். பா.ஜ.க. மாநிலத் தலைவருக்கு 2025-ல் ஒரே மனு. ஆகவே யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

காவிரிமைந்தன்77:

உலகுக்கே தேர்தலைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம். உத்திரமேரூர் குடவோலை

பென்ஷன் வாத்தியார்:

வந்துட்டாருய்யா. இழை தொடங்கி பத்துப் பதிவு ஆச்சே, இன்னும் குடவோலை வரலையேன்னு பார்த்தேன். தம்பி, உத்திரமேரூர் காஞ்சிபுரம் பக்கம். பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 919, 921. அது ஓட்டே இல்லை. தகுதியுள்ளவர் பெயரையெல்லாம் ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னது. சீட்டுக் குலுக்கல். அதில் நமக்கு வேண்டியது ஒன்றுதான்: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்திலேயே போட மாட்டார்கள். அவன் சொந்தக்காரன் பெயரையும்.

மைப்பேனா:

அந்த விதியை இப்ப வச்சா குடம் காலியா இருக்கும்.

துறைப்பூண்டித் தோழர்:

கண்ணால் பார்த்ததுண்டா என்று கேட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன், சீட்டில் எழுதியும் போட்டிருக்கிறேன்.

எங்கள் கட்சியில் மூன்று வருஷத்துக்கு ஒரு மாநாடு. கிளை, ஒன்றியம், மாவட்டம், மாநிலம், கடைசியில் அகில இந்திய மாநாடு. பழைய கமிட்டி ஒரு பட்டியலை முன்வைக்கும். பிரதிநிதி யாராவது எழுந்து இன்னொரு பெயர் சொன்னால் ரகசிய வாக்கெடுப்பு. 2025 ஏப்ரலில் மதுரையில் நடந்த மார்க்சிஸ்ட் கட்சி மாநாட்டிலேயே மத்தியக் குழுவுக்குப் பட்டியலுக்கு வெளியே மகாராஷ்டிரத் தோழர் கராட் நின்றார். 31 ஓட்டுத்தான் வாங்கினார், தோற்றார். ஆனால் நின்றார், எண்ணினார்கள், எத்தனை ஓட்டு என்று வெளியே சொன்னார்கள். தலைவரை நாங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. குழுவைத் தேர்ந்தெடுப்போம், குழு செயலாளரைத் தேர்ந்தெடுக்கும். உறுப்பினர் அட்டை வருஷா வருஷம் புதுப்பிக்கணும். வேலை செய்யாதவன் பெயர் விழுந்துவிடும்.

மாவட்டப் பிரதிநிதி:

தோழர், பட்டியலைப் பழைய கமிட்டிதானே எழுதுது? அதை எங்க ஊர்ல ரைஸ்மில்லுன்னு சொல்லுவோம்.

துறைப்பூண்டித் தோழர்:

குத்து சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். வித்தியாசம் ஒன்று உண்டு: எங்கள் ரைஸ்மில்லில் எழுதியதை மறுநாள் எல்லார் முன்னாலும் படித்தாக வேண்டும்.

கிழக்குத் தெரு:

இவ்வளவு நேரம் படித்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை.

எங்கள் ஊரில் கட்சிக்கு இரண்டு கிளை. ஊருக்கு ஒன்று, எங்கள் தெருவுக்கு ஒன்று. எந்தக் கட்சி என்று நானும் சொல்லவில்லை, அநேகமாக எல்லாக் கட்சிக்கும் அப்படித்தான். எங்கள் தெருக் கிளையில் போட்டி நடக்கும், பெட்டி கூட வைத்திருக்கிறோம், யாரும் வந்து தடுக்க மாட்டார்கள். அதனால் மேலே ஒன்றும் மாறாது என்று அவர்களுக்குத் தெரியும். ஒன்றியத்தில் துணைச் செயலாளரில் ஒரு இடம் ஆதிதிராவிடருக்கு என்று விதியில் எழுதியிருக்கிறது. செயலாளர் ஆகக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. 40 வருஷமாக எங்கள் ஒன்றியத்தில் அந்த எழுதாத விதிதான் ஒழுங்காக நடக்கிறது.

மாவட்டப் பிரதிநிதி அண்ணன், "ஒரே மடையில் தண்ணீர் திருப்பணும்" என்று எழுதினீர்கள். விட்டுக்கொடுக்கிறவர்கள் வரிசையில் எப்போதும் முதலில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

துறைப்பூண்டித் தோழர்:

2025 ஜனவரி விழுப்புரம் மாநாட்டில் எங்கள் மாநிலச் செயலாளராகத் தலித் சமூகத்திலிருந்து தோழர் பெ. சண்முகம் வந்திருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிழக்குத் தெரு:

சந்தோஷம் தோழர், மனசாரச் சொல்கிறேன். வெண்மணியில் எங்கள் சனங்களைக் குடிசையோடு எரித்தது 1968. உங்கள் கட்சி 1964. வருஷத்தை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

செம்பருத்தி:

நானும் ஒரு கட்சியில் நிர்வாகி. அது எனக்கே ரெண்டு மாசம் கழித்துத்தான் தெரியும்.

வலங்கைமான் பக்கம் வாக்கப்பட்டு வந்தேன். மாமனார் கட்சிக்காரர். ஒரு நாள் "ஆதார் நகலும் போட்டோவும் குடும்மா" என்றார். ரேஷன் கார்டு வேலை என்று நினைத்துக் கொடுத்தேன். பொங்கல் சுவரொட்டியில் என் முகம், கீழே "கிளைத் துணைச் செயலாளர்". மகளிர் இடம் காலியாக இருந்தால் பட்டியலைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம், அதனால் நான்.

கோபம் வந்தது, அப்புறம் யோசித்தேன். பதவி என் பேரில் இருக்கிறது, கூட்டத்துக்கு ஏன் நான் போகக் கூடாது? போனேன். பெண் நான் ஒருத்திதான். எனக்கு முன்னால் மட்டும் டீ வரவில்லை, நான் டீ எடுத்துவர வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள். மினிட் புத்தகத்தைக் கேட்டேன். நான் வராத ஆறு கூட்டத்தில் என் கையெழுத்து இருந்தது. இதையெல்லாம் மோசடி என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை அக்கா தங்கைகளே, ஏனென்றால் செய்தவர்கள் யாரும் ஒளித்துச் செய்யவில்லை.

ஐயாறு லண்டன்:

திருவையாற்றுக்காரன், 14 வருஷமாக இங்கே. பெட்டி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2022-ல் இங்கே கன்சர்வேடிவ் கட்சியில் தலைவர் தேர்தல். எம்.பி.க்கள் கடைசிச் சுற்றில் சுனக்குக்கு 137, டிரஸ்ஸுக்கு 113 போட்டார்கள். அந்த இருவரில் ஒருவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். டிரஸ் 81,326, சுனக் 60,399. நேர்மையான எண்ணிக்கை, யாரும் வாபஸ் படிவம் நீட்டவில்லை. டிரஸ் பிரதமராக இருந்தது 49 நாள். அடுத்த முறை உறுப்பினர்களிடம் போகாமலே சுனக் வந்துவிட்டார்: போட்டியின்றி! சீட்டு வந்ததா என்று அந்த ஆகஸ்ட் முழுக்கத் தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த என் பக்கத்து வீட்டுப் பெரியவர் இன்னும் அந்தப் பெண்மணி பக்கம்தான்.

ஓடம்போக்கி:

அப்ப லண்டன்லயும் ரைஸ்மில் இருக்கு.

பென்ஷன் வாத்தியார்:

அதே 2022 அக்டோபரில் காங்கிரஸ் அகில இந்தியத் தலைவர் தேர்தலையும் சேர்த்துப் பாருங்கள். கார்கே 7,897, தரூர் 1,072, செல்லாதது 416. சத்தியமூர்த்தி பவனில் வரிசையில் நின்று போட்டார்கள். முதலில் பிடித்தவர் பெயருக்கு எதிரே "1" என்று போடச் சொன்னார்களாம். சீட்டில் கார்கே பெயருக்கு வரிசை எண் ஒன்று, தரூருக்கு இரண்டு. குழப்பம் வரும் என்று தரூர் தரப்பு சொன்ன பிறகு டிக் அடித்தால் போதும் என்று மாற்றினார்கள். தரூர் இன்னொரு புகாரும் சொன்னார், அதுதான் இங்கே முக்கியம்: வாக்காளர் பட்டியலில் பலருக்கு முகவரியும் தொலைபேசி எண்ணும் இல்லை. யாரிடம் போய் ஓட்டுக் கேட்பது?

மைப்பேனா:

வாத்தியார் இப்பத்தான் விஷயத்துக்கு வந்திருக்கார். இவ்வளவு நேரம் ஒரு வரி ரெண்டு வரியா நக்கல் அடிச்சிட்டிருந்தேன். இப்ப கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

நான் எட்டு வருஷம் ஒரு ஒன்றிய அலுவலகத்துல எழுத்து வேலை பார்த்தவன். கையெழுத்து நல்லாருக்கும், அதான் இந்தப் பேரு. உறுப்பினர் சேர்க்கைன்னு அறிவிப்பு வந்தா புத்தகம் வரும், ஒரு புத்தகத்துல 25 பேரு. ஒவ்வொரு கிளைக்கும் இத்தனை புத்தகம்னு மேலருந்து கணக்கு. வீடு வீடா போறதுக்கு யாருக்கு நேரம், சம்பா நடவு சமயம். கிளைச் செயலாளர் வாக்காளர் பட்டியலைக் கொண்டாந்து குடுப்பார். நான் வரிசையா எழுதுவேன். வீட்டு எண், அப்பா பேரு, வயசு எல்லாம் அதுலயே இருக்கே. சந்தாவை அவரே மொத்தமா கட்டிடுவார். கட்டினது அவரு காசு, அதனால அட்டையும் அவருதுன்னு ஆயிடும். லேமினேட் பண்ணின அட்டையெல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு பீரோவுல இருக்கும். உறுப்பினருக்குத் தான் உறுப்பினர்னு தெரியாது. எங்க ஒன்றியத்துல எதிர்க்கட்சி வார்டு மெம்பர் ஒருத்தரையே நான் ரெண்டு தடவை சேர்த்திருக்கேன், தெரியாமத்தான்.

கோரையாறு அண்ணே, உங்களுக்குப் படிவம் குடுத்திருந்தாலும் நீங்க ஜெயிச்சிருக்க மாட்டீங்க. ரைஸ்மில்லு ராத்திரி கடைசி நாள் வேலை. தேர்தல் அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, புத்தகம் எழுதுறப்பவே முடிஞ்சு போச்சு. பெட்டி வைக்கணும்னு எல்லாரும் சண்டை போடுறீங்க. பெட்டி வச்சா யாரு வந்து போடணும்? அந்தப் பட்டியலை யாராவது கேட்டிருக்கீங்களா?

மாவட்டப் பிரதிநிதி:

மைப்பேனா தம்பி எழுதியதை மறுக்க மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன்: கிளைச் செயலாளர் கையிலிருந்து காசு போட்டுக் கட்டியது கட்சி மேல் உள்ள பிரியத்தில்தான் பல இடத்தில். எங்கள் ஊரில் ஒருவர் மாட்டை விற்றுக் கட்டினார். கிழக்குத் தெரு கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன், இல்லை.

நெறியாளர்:

கட்சிப் பெயரைச் சொல்லித் திட்டிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். காவிரிமைந்தன்77, குடவோலை பற்றித் தனி இழை ஏற்கெனவே நான்கு இருக்கிறது.

கோரையாறு:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மேட்டூர் திறந்து தண்ணீர் எங்கள் பக்கம் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது, நாற்றங்கால் வேலை.

மைப்பேனா தம்பி சொன்னதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. நேராகக் கிளைச் செயலாளர் வீட்டுக்கே போனேன். பட்டியலைப் பார்க்கணும் அண்ணே என்றேன். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று முதலில் நினைத்தார். அப்புறம் மோர் கொடுத்தார், பீரோவைத் திறந்தார். ரப்பர் பேண்டு உட்பட தம்பி எழுதியபடியே இருந்தது.

மூன்று புத்தகம், 75 பேர். திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேருமாக ஒவ்வொரு பெயராகப் பார்த்தோம். வெளியூர் போனவர்கள், திருப்பூரில் இருப்பவர்கள், சிங்கப்பூரில் இருப்பவன் ஒருவன். இறந்தவர்கள் ஒன்பது பேர். அதில் ஒருவர் என் அப்பா. போய் ஆறு வருஷம் ஆகிறது. புத்தகம் போன வருஷத்தது.

அப்பா பள்ளிக்கூடம் போகாதவர். பத்திரம், பேங்க், எங்கே என்றாலும் இடதுகைப் பெருவிரல்தான். படிவத்தில் அழகாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், சுழியெல்லாம் திருத்தமாக. கிளைச் செயலாளர் அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்பாவும் அவரும் ஒரே வரிசையில் நின்று களை பறித்தவர்கள். "நான் எழுதலடா" என்றார். நம்புகிறேன்.

என் பெயர் இருக்கிறது. சந்தா கட்டியதாகவும் இருக்கிறது. நான் கட்டவில்லை.

ஓடம்போக்கி:

அந்தப் படிவத்தை வாங்கி வச்சுக்கிட்டீங்களா? கோர்ட்டுக்குப் போகலாமே.

கோரையாறு:

படம் மட்டும் எடுத்துக்கொண்டேன். கோர்ட்டுக்குப் போவதாக இல்லை. பையனிடம் காட்டினேன், "தாத்தா கையெழுத்து நல்லாருக்கே" என்றான்.

மைப்பேனா தம்பி, அடுத்த சேர்க்கைக்குப் புத்தகம் எப்போது வரும், ஒன்றியத்தில் யாரிடம் கேட்டு வாங்கணும் என்று தெரிந்தால் தனிமடலில் சொல்லுங்கள். எங்கள் கிளைக்கு மூன்றில் ஒன்றாவது என் கையில் வரணும். வீடு வீடாக நான் போகிறேன்.

மைப்பேனா:

அனுப்பியிருக்கேன் அண்ணே. கார்பன் பேப்பர் நீங்களே வாங்கிட்டுப் போயிடுங்க, அங்க எப்பவும் தீர்ந்துபோயிருக்கும்.